வீடு திரும்பும் பந்தயம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏழு மைல் தொலைவில் குடியிருப்பவனுக்குத் தூது என்றவுடன் ஆண்டாளின் நினைவு வராமல் இராது. மேகங்களைக் கூப்பிட்டு வேங்கடத்தானிடம் சேதி சொல்லி அனுப்பியவள் அவள்; குயிலைக் கெஞ்சியும் அதட்டியும் திருமால் வரும்படி கூவச் சொன்னவளும் அவளே. நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்து அவள் கையில் வைக்கும் கிளியைக் காணாமல் அந்தக் கோயிலிலிருந்து யாரும் திரும்புவதில்லை. பிற்காலத்து இலக்கணக்காரர்கள், தூது விடத் தக்கவை இவை என்று பத்தை வரிசைப்படுத்தினார்கள்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இந்தப் பத்தில் புறா இல்லை! காலிலே கடிதம் கட்டிவிட்டால் மெய்யாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும் பறவையை நம் புலவர்கள் எப்படி மறந்தார்கள்? வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் மாடத்துக்கு மாடம் புறாதானே குடியிருக்கிறது?

இந்தச் சந்தேகம் எனக்குத் தீர்ந்தது ஒரு பத்தாம் வகுப்புப் பையனால். சென்ற ஆண்டு அவன் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். இராஜபாளையம் கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்கிறவர். கணக்கு வழக்கில் கண்டிப்பானவர்.

"ஸார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். பள்ளிக்கூடம் விட்டால் மாடியே கதி என்று கிடக்கிறான். புறா வளர்த்த குடும்பம் விளங்கினதாக உண்டா?" என்றார்.

கண்டிப்பதற்காகத்தான் மாடிக்குப் போனேன். பழைய பலகையும் கம்பி வலையும் சேர்த்து அடித்த கூண்டு. உள்ளே எட்டுப் புறாக்கள். கோபுரத்துப் புறாவைவிட மார்பு அகன்று, கழுத்து நிமிர்ந்து, கண்ணில் ஒரு மிடுக்கோடு இருந்தன. "இவை தூது போகுமா?" என்று கேட்டேன். "போகாது, ஸார். வீட்டுக்கு வரும். அவ்வளவுதான் தெரியும்" என்றான் பையன்.

விஷயம் அதுதான். பந்தயப் புறாவுக்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்று. அது தான் வளர்ந்த கூடு. அங்கிருந்து நூறு மைல் கொண்டுபோய் விட்டால் திரும்பி வரும். ஆனால் கூட்டிலிருந்து, "இன்ன ஊருக்குப் போ" என்றால் போகாது. வேங்கடத்தானுக்குப் புறா விட வேண்டுமானால், வேங்கட மலையில் வளர்ந்த புறாவை முதலில் ஒருவர் கூடையில் வைத்து வில்லிபுத்தூருக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும். அவரிடமே சேதியைச் சொல்லி அனுப்பிவிடலாமே! நம் இலக்கணக்காரர்கள் விவரம் தெரிந்தவர்கள்தாம்.

1870-இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை வளைத்துக்கொண்டபோது, நகரத்தார் தங்கள் புறாக்களைப் பலூனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். வெளியே இருந்தவர்கள் ஏராளமான கடிதங்களை நுண்படமாகச் சுருக்கி, வால் இறகில் கட்டிப் பறக்கவிட, அவை வீடு தேடி முற்றுகைக்குள் வந்து இறங்கின. இரண்டாம் மகாயுத்தத்தில் பிராணிகளுக்கென்று 1943-இல் பிரிட்டனில் ஏற்பட்ட டிக்கின் பதக்கத்தை முதன்முதலில் பெற்ற மூவரும் புறாக்களே.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பாபரின் தகப்பனார் 1494-இல் தமது புறாக் கூடத்தோடு மலைச்சரிவில் சரிந்து விழுந்து மாண்டார். கொள்ளுப் பேரரான அக்பரோ அதைக் கண்டு அஞ்சியவராகத் தெரியவில்லை. அவர் அரண்மனையில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அபுல் பஸல் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் எனக்கு அதிகம் பிடித்த கதை ஒரிஸ்ஸாப் போலீஸாருடையது. 1946-இல் இராணுவத்திடமிருந்து புறாக்களைப் பெற்று, மலையும் காடுமான கோராபுட் மாவட்டத்தில் அவர்கள் ஒரு புறாத் தபால் தொடங்கினார்கள். 1948 ஏப்ரல் 13-ஆம் தேதி சம்பல்பூரில் இருந்த ஜவாஹர்லால் நேரு, கட்டாக்கில் நடக்கவிருந்த பொதுக்கூட்டத்தைப் பற்றிய கட்டளையைப் புறா மூலமாகவே அனுப்பினார். பேசுகிறவரைக் கேட்கிறவர்களிடமிருந்து பிரிக்கும்படி மேடை ஏற்பாடு இருக்கக் கூடாது என்பது அந்தச் சேதி. ஏறக்குறைய 165 மைல். ஐந்தே கால் மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் புறா போய்ச் சேர்ந்துவிட்டது. நேரு பின்னால்தான் வந்தார்! 1982 வெள்ளத்திலும் 1999 பெரும் புயலிலும் கம்பிகளெல்லாம் அறுந்து கிடந்தபோது இந்தப் புறாக்கள் சேதி சுமந்திருக்கின்றன. இப்போது தபால் வேலை இல்லை. பழைய பெருமைக்காகக் கட்டாக்கில் வைத்துப் பேணுகிறார்கள்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு சிறு உரிமை உண்டு. 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராக இருந்தவர் எங்கள் பூ. ச. குமாரசுவாமி ராஜா. சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் கவர்னராக இருந்த காலத்திலும் அந்தப் புறாத் தபால் நடந்துகொண்டிருந்தது. இதை அந்த மளிகைக்காரரிடம் சொன்னபோதுதான் அவர் முகம் முதன்முறையாகச் சற்றே இளகிற்று.

தமிழ்நாட்டில் புறா விடுகிறவர்கள் மூன்று ஜாதிப் புறாக்களைச் சொல்வார்கள். சாதாப் புறா என்பது பெயரளவில்தான் சாதா. காலையில் ஏறினால் மணிக்கணக்காக வானத்திலேயே சுற்றும். எது அதிக நேரம் இறங்காமல் பறக்கிறது என்பதே அதன் போட்டி. கர்ணப் புறா நடுவானில் கரணம் போடும். மூன்றாவது ஹோமர். நெடுந்தூரப் பந்தயத்துக்கு உரியது இதுவே. பெல்ஜியம் தேசத்தார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய வமிசம். 2020-இல் அந்நாட்டுப் பெட்டைப் புறா ஒன்றை 16 லட்சம் யூரோவுக்கு ஒரு சீனர் ஏலத்தில் எடுத்தார் என்றால் நேயர்கள் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். நல்ல வேளையாக நம் ஊர் மாடிகளில் அந்தப் பைத்தியம் இன்னும் ஏறவில்லை. தபால் தலையில் இடம் பெற்ற வேட்டை நாயை வளர்த்த ஊர் எங்களுடையது. வமிசம் பார்த்து வளர்ப்பது எங்களுக்குப் புதிதல்ல.

வளர்க்கும் விதத்தைப் பையன் சொல்லச் சொல்ல நான் மாணவனாகிவிட்டேன். முட்டை இரண்டு, பதினேழு பதினெட்டு நாள் அடை. பகலில் சேவல் உட்காரும், சாயங்காலம் முதல் மறுநாள் காலை வரை பெட்டை. குஞ்சு பொரித்தபின் தாய், தகப்பன் இரண்டும் தொண்டைப் பையில் சுரக்கும் ஒருவகைப் பாலை ஊட்டுகின்றன. தகப்பனுக்கும் பால் சுரக்கும் அதிசயத்தை அங்கேதான் கேட்டேன். ஏழாம் நாள் வாக்கில், கால் இன்னும் மெலிதாக இருக்கும்போதே, ஆண்டும் எண்ணும் பொறித்த மூட்டில்லாத வளையத்தைக் காலில் நுழைத்துவிட வேண்டும். சில நாள் தாமதித்தால் நுழையாது. நுழைத்தபின் ஆயுளுக்கும் கழலாது. அதுவே அதன் ஜாதகம். கம்பு, சோளம், பச்சைப்பயறு, பட்டாணி தீனி. செரிப்பதற்குச் செங்கல் தூளும் கிளிஞ்சல் பொடியும். ஒரு மாதத்தில் இறகு முற்றும். பிறகு கூட்டைச் சுற்றிப் பறக்கப் பழக்கி, மூன்று மைல், ஆறு மைல், பன்னிரண்டு மைல் என்று தூரத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

எப்படி வழி கண்டுபிடிக்கிறது? சூரியனைப் பார்த்துத் திசை அறிகிறது என்பது நிச்சயம். மின்விளக்கால் பகல் இரவை மாற்றி அதன் உடற்கடிகாரத்தை ஆறு மணி நேரம் தள்ளிவிட்டால், விட்ட இடத்தில் திசை தவறிப் பறக்கிறது. 1971-இல் அமெரிக்காவில் கீட்டன் என்பவர் புறாவின் மேல் சிறு காந்தம் கட்டிவிட்டுப் பார்த்தார். வெயில் நாளில் பாதகமில்லை. மேகம் மூடிய நாளில் தடுமாறின. அடுத்த ஆண்டு இத்தாலியில் பாப்பி என்பவர், மோப்பத்தை மறைத்தால் வழி தவறுகிறது என்று காட்டினார். பழகிய பிரதேசத்தில் மனிதர்களைப்போல் பெருஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு வருவதும் உண்டாம். பண்டிதர்களின் வாதம் இன்னும் முடியவில்லை.

இனி பந்தயம். குதிரைப் பந்தயத்தைப்போல் எல்லோரும் கூடி நின்று பார்க்கும் எல்லைக் கோடு இங்கே இல்லை. ஒவ்வொரு புறாவுக்கும் அதன் வீடே எல்லை. முதல் நாள் மாலை சங்கத்தில் புறாக்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காலில் இரகசிய எண் பொறித்த ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிப் பதிவு செய்துகொண்டு, கூடைகளை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். விடியற்காலை குறித்த ஊரில் எல்லாக் கூடைகளும் ஒரே சமயத்தில் திறக்கப்படும். சொந்தக்காரர் தம் மாடியில் காத்திருக்கிறார். புறா வந்து கூட்டுக்குள் நுழைந்ததும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, சங்கம் முத்திரை வைத்துக் கொடுத்த கடிகாரத்துக்குள் போட்டால் நேரம் பதிவாகும். வசதியுள்ள இடங்களில் மின்வளையமே வாசலைத் தாண்டும்போது நேரத்தைக் குறித்துவிடுகிறது.

வீடுகள் ஒரே தூரத்தில் இல்லையே என்று கேட்கலாம். அதற்குத்தான் கணக்கு. ஒருவர் வீடு 215 மைல். அவர் புறா 300 நிமிஷத்தில் வந்தது. மற்றவர் வீடு 220 மைல். அவருடையது 305 நிமிஷம். முன்னதன் வேகம் நிமிஷத்துக்கு 1,261 கெஜம். பின்னதன் வேகம் 1,269 கெஜம். ஐந்து நிமிஷம் பிந்தி வந்ததே வெற்றி பெற்றது! வகுப்பில் வேகக் கணக்குப் போடத் திணறிய இதே பையன், மாடியில் ஒரு துண்டுச் சீட்டில் இதை மளமளவென்று போட்டுக் காட்டினான். அவனைக் கண்டிக்க வந்த நான் வேறென்ன சொல்ல இருக்கிறது?

புறா கண் முன்னே வந்தும் தோற்பதுண்டு. பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்து சாவகாசமாக இறகு கோதிக்கொண்டிருக்கும். கீழே சொந்தக்காரர் தீனி டப்பாவைக் குலுக்குகிறார், சீழ்க்கை அடிக்கிறார், வேண்டாத தெய்வமில்லை. கூட்டுக்குள் நுழைந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

சென்னையில் இந்தச் சங்கங்கள் மிகுதி. மழைக்காலம் கழிந்ததும் வடதிசையில் புறாக்களை விடுகிறார்கள்: நேர்க்கோட்டில் விஜயவாடா ஏறக்குறைய 240 மைல், நாகபுரி 560. வட சென்னையின் நெருக்கமான மாடிகளில் மோட்டார் பழுது பார்க்கிறவர், மீன் வியாபாரி, ஆட்டோ ஓட்டுகிறவர், கல்லூரி மாணவர், பெரிய கடை முதலாளி எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். மதமும் ஜாதியும் அங்கே எடுபடுவதில்லை, "உங்கள் புறா எத்தனை மணிக்கு?" என்பதே பேச்சு. 2015-இல் வந்த 'மாரி' என்ற படத்தில் புறாப் பந்தயத்தோடு ரௌடித்தனத்தையும் சேர்த்துக் காட்டிவிட்டார்கள். பணம் வைத்து ஆடுகிற இடங்களில் சச்சரவு வருவது மெய்தான். அதற்குப் பணத்தைக் குற்றம் சொல்ல வேண்டும். புறா என்ன செய்யும்?

எனக்கு உள்ள குறை வேறு. தில்லியிலிருந்துகூடச் சென்னைக்கு விட்டுப் பார்க்கிறார்கள். ஆயிரம் மைலுக்கு மேல்! மணிக்கு 40, 50 மைல் பறக்கும் பறவை ஒரே பகலில் வந்து சேரக்கூடிய தூரம் ஒன்று உண்டு. அதற்கு மேல் போனால் அந்நியக் காட்டில் இரவு தங்கி, கிடைத்ததைத் தின்று, இராசாளிக்கும் மின்கம்பிக்கும் வலைக்கும் தப்பி நாள் கணக்கில் வர வேண்டும். வருவது சிலவே. அது பந்தயமா, சோதனையா? குறுகிய தூரத்திலும் பெருநாசம் நேர்வதுண்டு. 1997 ஜூன் 29-ஆம் தேதி பிரான்ஸில் நான்த் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட புறாக்களை விட்டார்கள். பெரும்பாலானவை வீடு சேரவே இல்லை. வேட்டைப் பறவையிடமிருந்து தப்பிய ஒரு புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த சிபியைச் சோழர்களின் முன்னோன் என்று கொண்டாடும் தேசம் இது. தூரத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நமக்குக் கஷ்டமா?

வழி தவறிய புறா களைத்துப்போய் யார் மாடியிலாவது இறங்கும். தீனியும் தண்ணீரும் வைத்து, காலில் உள்ள வளையத்தைப் பார்த்துச் சங்கத்துக்குச் சொல்லி, தெம்பு வந்ததும் பறக்க விடுவது முறை. அப்படிச் செய்கிறவர்கள் பலர். இரண்டு நாள் அடைத்து வைத்துச் சந்தையில் விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவருடைய யோக்கியதையை நம்பித்தான் ஒவ்வொரு கூடையும் திறக்கப்படுகிறது.

தகப்பனாரிடம் நான் சொன்னது இவ்வளவே. கூடு படுக்கை அறைக்கு அருகில் வேண்டாம். புறாத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, சுத்தம் செய்யும்போது பையன் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளட்டும். பணம் வைக்கக் கூடாது. பரீட்சை மாதத்தில் பந்தயம் கூடாது. மற்றபடி விட்டுவிடுங்கள் என்றேன். அரை மனதாகத் தலை அசைத்தார்.

இவ்வாண்டு பையன் அயலூர்ச் சங்கம் ஒன்றின் மூலம் விழுப்புரத்திலிருந்து இரண்டு புறாக்களை விட்டான். ஏறக்குறைய 215 மைல். காலை ஆறரை மணிக்குத் திறந்தார்கள். நீலப் புறா பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பாக மேற்கு மலைப் பக்கம் ஒரு வட்டமடித்து நேரே கூட்டுக்குள் இறங்கிற்று. பரிசு ஒன்றும் இல்லை. நடுவில் ஓர் இடம். செம்புள்ளிப் புறா வரவில்லை. இருட்டும் வரை மூவரும் மாடியில் நின்றோம்.

இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. கூட்டின் வாசலை இரவிலும் சாத்துவதில்லை. பூனை வந்துவிடும் என்று மளிகைக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் மாடியிலேயே படுத்துக்கொள்கிறார்.