தாதியர் தோன்றுவது எங்ஙனம்?

அன்னியரின் புண்ணைக் கழுவியும், இராப்பகல் கண்விழித்தும் உழைக்க வேண்டிய தாதித் தொழிலை ஒருவர் மனமுவந்து மேற்கொள்ளக் காரணம் யாது? சம்பளமே என்பர் சிலர். வேறு பிழைப்பின்மையே என்பர் வேறு சிலர். இவ்விரு வாதங்களையும் மறுக்க மேரி ஸீகோல் அம்மையாரின் சரித்திரம் ஒன்றே போதிய சாட்சியாகும்.

இவர் 1805-ம் வருஷத்தில் ஜமெய்க்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துப் போர்வீரர். தாயார் கறுப்பு இனக் கலப்புடையவர். தாயார் விடுதி நடத்தி, நோயுற்ற பட்டாளத்தாருக்கு மூலிகை வைத்தியமும் செய்துவந்தார். அதைக் கண்டு வளர்ந்த சிறுமி, தன் பொம்மைக்கு வைத்தியம் பார்த்து விளையாடினாள். அவ்விளையாட்டே பின்னர் வாழ்க்கையாயிற்று. 1850-ல் கிங்ஸ்டனிலும், மறு வருஷம் பனாமாவிலும் வாந்திபேதி பரவியபோது அவர் அஞ்சாது நோயாளிகளைப் பேணினார்.

1854-ல் கிரிமியா யுத்தத்தில் காயமுற்றோருக்குத் தாதியர் தேவையென அறிந்து, லண்டனில் பல வாயில்களை அணுகினார். ஒருவரும் அவரை ஏற்கவில்லை. தமது தோலின் நிறமே தடையோ என்று ஐயுற்று வீதியில் நின்று கண்ணீர் விட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் வாளாவிருந்தாரில்லை. சொந்தச் செலவில் கப்பலேறி, 1855-ல் பாலக்ளாவாவுக்கு அருகே விடுதி அமைத்து உணவு விற்றார். போர்க்களத்திற்கே சென்று காயங்களுக்குக் கட்டும் கட்டினார். யுத்தம் முடிந்தபோது அவருக்கு எஞ்சியது கடனே.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோ செல்வர் வீட்டுப் பெண். அவருக்குத் தடையாய் நின்றது குடும்ப கௌரவம். ஒருவரை நிறம் தடுத்தது. மற்றவரைச் செல்வம் தடுத்தது. இருவரையும் உந்தியது, பிறர் துன்பத்தைக் கண்டபின் கைகட்டி நிற்கவொண்ணாத உள்ளமேயன்றோ?

நைட்டிங்கேல் 1860-ல் தாதியர் பயிற்சிசாலை நிறுவிய செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் வளாகத்திலேயே, 2016-ல் ஸீகோலுக்குச் சிலை எழுந்தது. அவர் மறைந்ததோ 1881-ல்! மரணத்திற்குப் பின் சிலை வைப்பது எளிது. உயிரோடிருக்கையில் கதவைத் திறப்பதே அரிது.

அவ்வுள்ளத்தை எந்தச் சட்டமும் உண்டாக்க முடியாது. அதற்குத் தடையாகாதிருப்பது மட்டும் நம்மால் இயலும். "தொண்டு" என்று வாயாரப் புகழ்ந்து, கூலி கொடுக்கும்போது கையைச் சுருக்குவோர் தாதியருக்கு நண்பரல்லர். நம் இல்லத்துப் பெண்ணொருத்தி நாளை இத்தொழிலை விரும்பி வந்து நின்றால், நாம் என்ன விடை கூறுவோம்? மேடையில் பேசும் புகழுரையன்று, அவ்விடையே நமது உண்மையான அபிப்பிராயமாகும்.