கையடக்கக் கம்ப்யூட்டரில் மெமரியும் டேட்டாவும்

"டேப்ளட்டில் இடம் இல்லை என்று செய்தி வருகிறது; எதை அழிக்கலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவசரத்தில் எதையாவது அழித்துவிட்டு, பின்னர் குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோ எங்கே என்று தேடுபவர்கள் பலர். டேப்ளட்டும் ஸ்மார்ட் போனும் கையில் அடங்கும் கம்ப்யூட்டர்களே. இவற்றில் டேட்டா எங்கே தங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்.

பேட்டரி தீர்ந்தால் டேட்டா போகும்

1996ல் வெளியான பைலட் 1000 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரின் மெமரி 128 கே.பி. மட்டுமே. முகவரிகள், குறிப்புகள் எல்லாம் ராம் மெமரியிலேயே இருந்தன. மின்சக்தி நின்றால் ராம் அனைத்தையும் மறந்துவிடும். எனவே அதில் இருந்த இரண்டு சிறிய பேட்டரிகளை ஒரு நிமிடத்திற்குள் மாற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டருடன் இணைத்து ஒரு பட்டனை அழுத்தினால் டேட்டாவை நகல் எடுக்கும் ஹாட்சிங்க் வசதி தரப்பட்டது.

2000ல் வந்த பாக்கெட் பி.சி.யிலும் இதே நிலைதான். ராம் மெமரியின் ஒரு பகுதி பைல்களுக்கு, மறு பகுதி புரோகிராம்கள் இயங்குவதற்கு. 2005ல் வந்த விண்டோஸ் மொபைல் 5.0, டேட்டாவை பிளாஷ் மெமரிக்கு மாற்றியது. அதன்பின் பேட்டரி தீர்ந்தாலும் டேட்டா அழியவில்லை.

இன்று என்ன ஆபத்து?

இன்றைய ஆண்ட்ராய்ட் சாதனங்களில் ராம் தனி, ஸ்டோரேஜ் தனி. திறந்திருக்கும் அப்ளிகேஷன்களை மூடினால் ஸ்டோரேஜில் இடம் கிடைக்காது. ராம் மெமரியை ஆண்ட்ராய்டே கவனித்துக்கொள்ளும்.

2019ல் வந்த ஆண்ட்ராய்ட் 10 முதல், அதனுடன் வெளியாகும் புதிய சாதனங்களில் டேட்டா பூட்டப்பட்ட வடிவில் எழுதப்படுகிறது. திருடனுக்கு அது கிடைக்காது. ஆனால் போர்டு பழுதானால், மெமரி சிப்பைத் தனியே கழற்றி எடுத்தாலும் உங்களுக்கும் அது படிக்கக் கிடைக்காது. நகல் இல்லை என்றால் டேட்டா இல்லை.

இடத்தைக் காலி செய்திட

1. செட்டிங்ஸ் பிரிவில் ஸ்டோரேஜ் என்பதைத் திறந்து, எது அதிக இடம் பிடித்துள்ளது என்று பார்க்கவும். பெரும்பாலும் வீடியோ பைல்களாகவே இருக்கும்.

2. அப்ளிகேஷனின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பட்டன்கள் இருக்கும். கிளியர் கேஷ் தற்காலிக பைல்களை மட்டும் நீக்கும். இதை அச்சமின்றி அழுத்தலாம். கிளியர் டேட்டா (சில சாதனங்களில் கிளியர் ஸ்டோரேஜ்) அந்த அப்ளிகேஷன் சேமித்த அனைத்தையும் அழித்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

3. கூகுள் போட்டோஸில் பேக் அப் இயங்கும்போது ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள நகலும் சேர்ந்தே நீங்கும். குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும், பின் கிடைக்காது. சாதனத்தில் மட்டும் நீக்க, அதிலுள்ள ப்ரீ அப் ஸ்பேஸ் வசதியைப் பயன்படுத்தவும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றிற்கும் பொதுவானது. அது நிரம்பினால் பேக் அப் நின்றுவிடும்.

கம்ப்யூட்டரில் நகல் எடுக்க

யு.எஸ்.பி. கேபிளால் இணைத்தவுடன் கம்ப்யூட்டரில் எதுவும் தெரியவில்லையா? பயப்பட வேண்டாம். சாதனத்தின் திரையில் வரும் அறிவிப்பைத் தட்டி, பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் டி.சி.ஐ.எம். என்ற போல்டரை கம்ப்யூட்டருக்கு காப்பி செய்திடவும். கேமராவில் எடுத்த படங்கள் இதில்தான் இருக்கும். கட் அண்ட் பேஸ்ட் வேண்டாம். இடையில் கேபிள் கழன்றால் சிக்கல். காப்பி ஆன படங்களில் நாலைந்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பின்னரே சாதனத்தில் அழிக்கவும்.

மெமரி கார்டில் மட்டும் வைத்திருப்பது நகல் ஆகாது. சாதனம் தொலைந்தால் கார்டும் சேர்ந்தே போகும். சாதாரணமாகப் பயன்படுத்தும் கார்டில் டேட்டா பூட்டப்படுவதும் இல்லை. எடுத்தவர் எவரும் படிக்கலாம். வங்கி ஆவணங்களை அதில் வைக்க வேண்டாம்.

மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று கேபிளை இணைத்து நகல் எடுங்கள். கையில் இருப்பது தொலையலாம், உடையலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னொரு நகல் இருந்தால் போவது சாதனம் மட்டுமே.