பழைய கதிரைக்குப் புதிய நிறம்: பூசுமுன் அறிய வேண்டியவை

மாத இறுதி நாட்களில் மோர்னிங்சைட் வீதி வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். தொடர்மாடிக் கட்டிடங்களின் பின்புறத்திலும், பல்கலைக்கழக வளாகத்தை அண்டிய தெருக்களின் ஓரத்திலும், வீடு மாறிச் செல்வோர் விட்டுச் சென்ற கதிரைகளும் மேசைகளும் இழுப்பறைப் பெட்டிகளும் மழையில் நனைந்தபடி கிடக்கும். ஒருவருக்குக் குப்பையாகிவிட்ட அந்தப் பொருள், வெறும் கையுடன் வந்திறங்கிய இன்னொருவருக்கு வீட்டின் முதலாவது தளபாடமாகிறது. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் இந்நகருக்கு வந்து சேர்ந்த எம்மவரிற் பலர் இவ்வாறுதான் குடித்தனத்தைத் தொடங்கினர். இன்று வேறு நாடுகளிலிருந்து அகதிகளாக வருவோரும் அவ்வாறே தொடங்குகின்றனர்.

நாமும் விதிவிலக்கல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மோர்னிங்சைட் வீதியும் லோறன்ஸ் வீதியும் சந்திக்கும் பகுதியிலிருந்த தொடர்மாடியொன்றில் நாம் குடியேறியபோது, எமது வீட்டிலிருந்தவை இரண்டு மெத்தைகளும் ஒரு சோற்றுப் பானையும் மட்டுமே. ஒரு நாள் மாலை, தெருவோரத்தில் மேசையொன்றும் நான்கு கதிரைகளும் கிடக்கக் கண்டோம். தெரிந்தவர் எவரும் கண்டுவிடக் கூடாதே என்று இருட்டும்வரை காத்திருந்து, இரண்டு தடவைகளில் அவற்றைச் சுமந்து வந்தோம். நண்பரொருவர் வேலைத்தலத்திலிருந்து கொணர்ந்த மிச்சச் சுவர்ப் பெயின்றை அன்றிரவே அவற்றின்மேல் பூசினோம். விடிந்தபோது மேசை வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. எமக்கோ பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை மூன்று வாரங்கூட நிலைக்கவில்லை. விருந்துக்கு வந்தவர் உண்டு முடித்ததும் கோப்பையைத் தூக்கினோம். கோப்பையுடன் சேர்ந்து பெயின்றும் வட்டமாகக் கழன்று வந்தது! விருந்தினர் காணாதவர்போல் இருந்துவிட்டார். நாம் வெட்கித்துப் போனோம்.

சுண்ணாம்பும் பெயின்றும் ஒன்றல்ல

எமது தவறு எங்கே நேர்ந்தது? ஊர்ப் பழக்கத்தை ஆராயாமல் இங்கே கைக்கொண்டதுதான் தவறு. தைப்பொங்கலுக்கு முன்னர் எமது ஊர்களில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கற் பூமி. சுண்ணாம்பை நீற்றி, சிறிது நீலமும் கலந்து, சுவரை ஈரமாக்கி அள்ளிப் பூசினால் போதும். ஏனெனில் நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து மீண்டும் கல்லாகிவிடுகிறது. அது சுவரின் நுண்துளைகளுக்குள் ஊறிச் சுவருடன் ஒன்றாகிறது. ஆகவே முன்னேற்பாடு அதிகம் தேவைப்படுவதில்லை.

இங்கு நாம் வாங்கும் பெயின்ற் அத்தகையதன்று. அது பொருளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல். கீழே எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது. பளபளப்பான பழைய வார்னிஷ் இருந்தாலும் ஒட்டாது. எத்துணை விலையுயர்ந்த பெயின்றானாலும், பிடித்துக்கொள்ள இடமில்லையெனில் உரிந்தே தீரும்.

இந்த உண்மையை எமக்கு உணர்த்தியவர் அதே மாடியில் வசித்த அயலவரொருவர். வீடுகளுக்குப் பெயின்ற் பூசும் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். எமது மேசையைக் கண்டு சிரித்துவிட்டு, "தம்பி, பூசுறது கடைசி வேலை. கழுவுறதுதான் முதல் வேலை" என்றார். பின்னர் மேசையைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தொழிற்சாலைச் சீட்டைப் படித்தார். அது எண்பதுகளிற் செய்யப்பட்டதென்பதை உறுதிப்படுத்திய பின்னரே வேலையைத் தொடங்க அனுமதித்தார். அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

செய்ய வேண்டிய ஒழுங்கு

முதலில் கைபிடிகள், கீல்கள், ஆணிகள் அனைத்தையும் கழற்றி ஒரு பையில் இட்டுப் பெயரெழுதி வைக்க வேண்டும். அதன்பின் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரினால் பொருளை நன்கு துடைத்து, சுத்தமான நீரினால் மீண்டும் துடைத்து, ஒரு நாள் முழுவதும் உலரவிட வேண்டும். எமது சமையலறைகளில் தாளிக்கும் எண்ணெயின் ஆவி கண்ணுக்குத் தெரியாத படலமாக எங்கும் படிந்திருக்கும். சமையலறை அலுமாரிக் கதவுகளைக் கழுவாமற் பூசிப் பயனில்லை.

இரண்டாவதாக, ஓட்டைகளையும் வெடிப்புகளையும் மரப் பசையினால் நிரப்பி, காய்ந்தபின் சாண்ட்பேப்பர் எனும் அரத்தாளினால் தேய்க்க வேண்டும். முதலில் 120 இலக்கத் தாள், பின்னர் 220 இலக்கத் தாள். இலக்கம் கூடக்கூடத் தாள் மென்மையாகும். மரத்தைத் தேய்த்துக் குறைப்பது நோக்கமன்று. பளபளப்பு மறைந்து மேற்பரப்பு மங்கினாற் போதும். தேய்த்த தூளை ஈரத் துணியினால் ஒற்றியெடுக்க வேண்டும். இவ்வேளையில் முகமூடி அவசியம்.

மூன்றாவது, பிறைமர் எனப்படும் அடிப்பூச்சு. பலரும் செலவென்று தவிர்ப்பது இதனைத்தான். ஆனால் பெயின்றைப் பிடித்துவைத்திருக்கும் கை இதுவே. மரத்தூளை அழுத்திச் செய்து மேலே பிளாஸ்ரிக் போன்ற தாள் ஒட்டப்பட்ட மலிவுத் தளபாடங்களுக்கு, வழுக்கும் பரப்பிலும் ஒட்டக்கூடிய விசேட பிறைமர் வேண்டும். சிகரெற் புகை ஊறிய பொருளுக்கும், மரக்கணுக்களிலிருந்து மஞ்சட் கறை கசியும் பொருளுக்கும் கறையையும் மணத்தையும் அடக்கும் ஷெல்லாக் பிறைமர் உண்டு.

நான்காவதாகவே பெயின்ற். ஒரு தடித்த பூச்சிலும் பார்க்க இரண்டு மெல்லிய பூச்சுக்கள் மேலானவை. ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளும் சிறிய டின் ஒன்று, ஒரு பூச்சுக்கு சுமார் 100 சதுர அடியை மூடும். ஒரு மேசைக்கும் நான்கு கதிரைகளுக்கும் பொதுவாக அது போதுமானது. சுவருக்குரிய மங்கற் பெயின்ற் தளபாடத்துக்கு உகந்ததன்று. துடைத்துக் கழுவக்கூடிய சாற்றின் அல்லது செமி-குளொஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெயின்றிலிருந்து வெளியேறும் ஆவிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கனடிய அரசு 2009இல் கொண்டுவந்ததால், இன்று கடைகளிற் கிடைப்பவற்றிற் பெரும்பாலானவை நீரிற் கரைபவை. தூரிகையை நீரிலேயே கழுவிவிடலாம். நிறம் தவறிக் கலக்கப்பட்ட டின்களைக் கடைகளில் விலை குறைத்து விற்பதுண்டு. அவற்றையும் விசாரியுங்கள்.

ஐந்தாவது, பொறுமை. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். ஆயினும் பெயின்ற் முழுமையாக இறுகுவதற்கு மூன்று நான்கு வாரங்கள் செல்லும். அதுவரை பாரமான பொருளையோ சூடான கோப்பையையோ அதன்மேல் வைக்கலாகாது. குளிர்காலத்தில் சூடில்லாத கராஜில் வைத்துப் பூசினாலும் பெயின்ற் சரியாக இறுகாது. 10 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். நிலக்கீழ் அறைகளிற் பூசுவோர் யன்னலைத் திறந்துவைத்து, காற்று வெளியேற வழி செய்தல் வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை.

எல்லாப் பழையதும் மீட்கத் தக்கதன்று

அயலவர் எமது மேசையின் வயதை ஏன் ஆராய்ந்தார்? ஈயத்தின் காரணமாகவே. முற்காலப் பெயின்ற்களில் ஈயம் கலக்கப்பட்டது. அது நிறத்தை அழுத்தமாக்கும். பூச்சை நீடித்து உழைக்கச் செய்யும். ஆனால் மனித உடலுக்கு அது நஞ்சு. குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் வளரும் மூளையை அது பாதிக்கிறது. ஈயத்தின் சுவை இனிப்பாயிருப்பதால், உரிந்த துண்டுகளைப் பிள்ளைகள் விரும்பியே மெல்லக்கூடும். வெளிப்படையான அறிகுறி எதுவுமின்றியே பாதிப்பு நிகழலாம். இரத்தப் பரிசோதனை மூலமே அறிய முடியும்.

கனடாவில் 1976இல், வீட்டின் உட்புறப் பெயின்றில் ஈயத்தின் அளவு 0.5 வீதமாக மட்டுப்படுத்தப்பட்டது. 2005இல் அது 0.06 வீதமாகவும், 2010இல் 0.009 வீதமாகவும் குறைக்கப்பட்டது. 1960க்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளில் ஈயப் பெயின்ற் இருக்கும் வாய்ப்பு அதிகம். 1960க்கும் 1990க்கும் இடைப்பட்ட வீடுகளிலும் ஓரளவு இருக்கக்கூடும். ஆகவே, வயது தெரியாத, பல படைகளாகப் பெயின்ற் பூசப்பட்ட பொருளை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நெருப்பினால் வாட்டி உரிக்கவும் வேண்டாம். எழும் தூளும் புகையுமே பேராபத்து.

இவ்விடத்தில் எமது வீட்டு நிகழ்ச்சியொன்றைச் சொல்லியாக வேண்டும். எமது மூத்த பிள்ளை பிறக்கவிருந்தபோது உறவினரொருவர் அன்போடு தொட்டிலொன்றைக் கொணர்ந்து தந்தார். எமக்கு முன்னர் எம்மவரின் நான்கு வீடுகளில் அது புழங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பிள்ளைக்கேற்ப நிறம் பூசியிருந்தனர். கைபிடியின் ஓரத்தில் நீலமும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அந்த ஓரம் முழுவதும் சின்னஞ்சிறு பற்களின் தடம்! செய்யப்பட்ட ஆண்டைக் கூறும் சீட்டின் மேலும் பெயின்ற் பூசப்பட்டிருந்தது.

நாம் தயங்கினோம். "நாலு பிள்ளையள் வளந்த ராசியான தொட்டில். இதைப் போய் எறியிறதே?" என்று மாமி மனம் நொந்தார். அவரது வேதனை எமக்கும் புரிந்தது. பொருளை வீசுவதன்று, தந்தவரின் அன்பை வீசுவதாகவே அது தோன்றியது. ஆயினும் கனடாவில் 1986 புரட்டாதிக்கு முன்னர் செய்யப்பட்ட தொட்டில்கள், கம்பி இடைவெளி முதலிய பாதுகாப்பு விதிகளுக்கு அமையாதவை. அவற்றை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் கூடாது. ஆண்டு தெரியாத தொட்டிலில் பிள்ளையைக் கிடத்த மனம் துணியவில்லை. வேறெவரும் எடுத்துப் பயன்படுத்தாதவாறு பலகைகளைப் பிரித்து அகற்றினோம். பிள்ளை முதல் மாதங்களைக் கடன்பட்டு வாங்கிய புதிய தொட்டிலிலேயே கழித்தது. உறவினர் சில காலம் எம்முடன் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆயினும் அத்தீர்மானத்தையிட்டு நாம் ஒருபோதும் வருந்தியதில்லை. பக்கவாட்டுக் கதவை இறக்கி ஏற்றும் தொட்டில்களின் விற்பனையும் 2016 மார்கழி 29 முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. துணி உறையிட்ட சோபாக்களையும் மெத்தைகளையும் தெருவிலிருந்து எடுக்காதீர்கள். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டால், மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பலமடங்கு செலவாகும். மரச் சாமான்களையும் பொருத்துக்களிலும் இழுப்பறை மூலைகளிலும் விளக்கடித்துப் பார்த்த பின்னரே உள்ளே கொண்டுவர வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியின் மேலும் மின்செருகிகளின் மேலும் பெயின்ற் படவிடலாகாது. மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதனை வெளியில் விரித்துக் காயவிட வேண்டும். மிச்சப் பெயின்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாமல், நகரசபையின் அபாயக் கழிவு சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

வாடகை வீட்டில் வசிப்போருக்கு

கதிரை எமது சொத்து. சுவரும் அலுமாரிக் கதவும் வீட்டுச் சொந்தக்காரருடையவை. வாடகை வீட்டின் சுவருக்கோ கதவுக்கோ நிறம் மாற்ற விரும்பினால், முன்கூட்டியே சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி, வெளியேறும் வேளையில் வாக்குவாதப்பட்டோர் எம்மவரிற் பலர். ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, சேதத்துக்கென முற்பணம் கேட்க வீட்டுச் சொந்தக்காரருக்கு உரிமையில்லை. கடைசி வாடகைக் காலத்துக்கான முற்பணத்தை மட்டுமே பெறலாம். வீட்டைச் சீராகப் பேணுவதும் அவரது கடமையே.

இப்போது வந்துசேர்ந்து, தரையில் உறங்கும் குடும்பங்களை உங்களுக்குத் தெரிந்திருந்தால், 1998இல் கத்தோலிக்க அருட்சகோதரி ஆன் ஷெங்க் அவர்களால் ரொறன்ரோவில் ஆரம்பிக்கப்பட்ட பேர்னிச்சர் பாங்க் என்னும் நிறுவனத்தைப் பற்றிக் கூறுங்கள். அகதிகளுக்கும் தங்குமிடங்களிலிருந்து வெளியேறுவோருக்கும் அது பயன்படுத்திய தளபாடங்களை வழங்கிவருகிறது. சமூகசேவை நிலையமொன்றின் பரிந்துரையுடன் அதனை நாடலாம்.

கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் ஆகிய சொற்கள் யாவும் போர்த்துக்கேயர் எமது கரையில் விட்டுச் சென்றவை. பிறரிடமிருந்து வந்தவற்றை எமதாக்கிக்கொள்வது எமக்குப் புதிதன்று. ஆகவே, பழைய பொருளை எடுத்துப் புதுப்பிப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. இருட்டும்வரை காத்திருந்த எமது அன்றைய வெட்கத்தை எண்ணி இன்று நாமே சிரித்துக்கொள்கிறோம்.

அந்த மேசை அயலவரின் சொற்படி மீண்டும் கழுவப்பட்டு, தேய்க்கப்பட்டு, பச்சை நிறம் பூசப்பட்டு எம்முடன் பல்லாண்டுகள் இருந்தது. அதில்தான் எமது பிள்ளைகள் உண்டனர். அதில்தான் பாடம் படித்தனர். அண்மையில் மூத்த மகள் தனது புது வீட்டுக்கு அதனைக் கேட்டு எடுத்துச் சென்றாள். நிறம் மாற்றப் போவதாகக் கூறினாள். நாம் அவளுக்குச் சொன்னது ஒன்றே: "முதலில் கழுவு, பிள்ளை."