சாயநீரும் நொதியும்



சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது. உமிழ்நீரிலுள்ள நொதி, மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே காரணம். நொதிகளுள் பெரும்பாலானவை உயிர்கள் ஆக்கும் புரதங்கள். அவை வேதி மாற்றத்தைப் பன்மடங்கு விரைவுபடுத்தும். ஆயினும் அம்மாற்றத்தில் தாம் செலவாவதில்லை. இத்தகைய பணியாளைக் கொண்டு ஆலைக் கழிவுநீரைத் தூய்மை செய்ய இயலுமா என்பதே நாம் ஆராயப்புகும் பொருள்.

திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலாற்றையும் சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்ததை நாம் அறிவோம். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காதிருக்க வேண்டுமென்றே சாயங்கள் உறுதியாக ஆக்கப்படுகின்றன. துணியில் நன்மையான அவ்வுறுதியே கழிவுநீரில் தீமையாகிறது. நுண்ணுயிர்கள் அவற்றை எளிதில் சிதைப்பதில்லை.

இங்கே துணைக்கு வரக்கூடியது லாக்கேஸ் என்னும் நொதி. 1883 இல் யோஷிதா என்ற ஜப்பானிய அறிஞர், மெருகுப்பூச்சுக்கு உதவும் ஒரு மரத்தின் பாலில் இதனைக் கண்டார். மரத்தை மட்கச் செய்யும் சில காளான்களும் இதனைச் சுரக்கின்றன. இதிலுள்ள செப்பு அணுக்கள், சாய மூலக்கூறினின்று எலக்ட்ரான்களைப் பெற்று ஆக்சிஜனுக்கு அளிக்கின்றன. ஆக்சிஜன் நீராகிறது, சாயத்தின் கட்டமைப்புக் குலைந்து நிறம் மறைகிறது. பலவகைச் சாயங்களில் இவ்விளைவை ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர்.

நிறம் நீங்கினால் நீர் தூயதாகிவிடுமா? வகுப்பில் நல்ல நீரையும் உப்பு நீரையும் இரு குவளைகளில் வைத்து, எது எதுவென்று நான் கேட்பதுண்டு. கண்ணால் பார்த்து எவரும் சொன்னதில்லை. பருத்திக்குச் சாயமேற்ற மிகுதியான உப்பு வேண்டும். அது கழிவில் அப்படியே வருகிறது. நொதி உப்பைத் தொடுவதில்லை. அதுமட்டுமன்று; சாதாரண உப்பிலுள்ள குளோரைடு லாக்கேஸ் பலவற்றின் ஆற்றலையே குன்றச் செய்கிறது. சிதைந்த சாயத்தின் கூறுகளும் சிலவேளை நஞ்சாக இருக்கக்கூடும். எனவே நுண்சவ்வினால் வடித்தலும், எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தலும் இன்றியமையாதன.

நொதியின் விலையும் ஒரு தடையே. சிறு மணிகளில் அதைப் பிணைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்த முயல்கின்றனர். உப்புக்குத் தளராத நொதிகளையும் தேடுகின்றனர். இவ்வாய்வில் உங்களுள் சிலர் ஈடுபடக்கூடும். அப்போது தெளிந்த நீரைக் கண்டவுடன் மனநிறைவு கொள்ளாதீர்கள். அதில் கரைந்திருப்பது யாதென அளந்தறிந்த பின்னரே, அதை ஆற்றில் விடலாமா என்று முடிவு செய்யுங்கள்.