ஆபரேஷன் நடுவில் விழித்துக்கொண்டால்..? தெரியுமா?

‘பாதியிலேயே மயக்கம் தெளிஞ்சுட்டா என்ன பண்றது டாக்டர்?’ ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இந்தக் கேள்வி வராத மனசு உண்டா! அந்தப் பயத்துக்குப் பின்னால் எத்தனை ஆச்சரியங்கள் தெரியுமா?

● 1846 அக்டோபர் 16. பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஒருவரின் கழுத்துக் கட்டிக்கு அலறலே இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. ‘வலிக்கவில்லை, கழுத்தைச் சுரண்டியது போல இருந்தது’ என்றாராம் அவர். வரலாறு படைத்த அந்த ஆபரேஷனிலேயே லேசான விழிப்பு இருந்திருக்கிறது!

● ஆடாமல் அசையாமல் கிடப்பதெல்லாம் மயக்கம் அல்ல! தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து, நினைவை நிறுத்த இன்னொன்று. இதை நிரூபிக்க அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? மயக்க மருந்தே இல்லாமல், தசையைச் செயலிழக்க வைக்கும் கியூராரே மருந்தைத் தனக்கே ஏற்றச் சொன்னார்! மூச்சுகூடப் பிறர் கொடுத்ததுதான். இமை அசைக்கவும் முடியாமல் கிடந்தவர், எழுந்ததும் சுற்றி நடந்ததையெல்லாம் அப்படியே சொன்னார். 1947-ல் வெளியானது அந்த ஆய்வு.

● அசையாத உடம்புக்குள் நினைவு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்காட்லாந்தின் டன்ஸ்டால் 1977-ல் வழி சொன்னார். தசைத் தளர்வு மருந்து ஏறும் முன், பிரஷர் பார்க்கும் பட்டையை ஒரு கையில் இறுக்கிவிட வேண்டும். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாது. பிறகு காதருகே குனிந்து, ‘கேட்குதா? என் விரலைப் பிடிங்க’ என்பார்கள். சிலர் பிடித்தே விடுகிறார்கள்! பெரும்பாலோருக்குப் பிறகு அது ஞாபகமே இருப்பதில்லை.

● பிரிட்டன், அயர்லாந்தில் நடந்து 2014-ல் வெளியான மாபெரும் ஆய்வில், தாமாக முன்வந்து விழிப்பைச் சொன்னவர்கள் சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர்தான்! அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மயக்கத்துக்குள் போகும்போதோ, தெளியும்போதோ நடந்தவை. முழு மயக்கத்தில் நடக்கும் சிசேரியனில் மட்டும் சுமார் 670-க்கு ஒன்று. அங்கே கூடுதல் கவனம் தேவை.

● 2000-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஏறத்தாழ 12,000 பேரைத் தேடிப்போய் மூன்று முறை விசாரித்தார்கள். ஆயிரத்தில் ஒருவர், இருவர் என்று எண்ணிக்கை உயர்ந்தது! சிலருக்கு நாட்கள் கழித்தே நினைவு திரும்பியது. கேட்டால்தானே தெரியும்!

● இன்று வெளிமூச்சில் எவ்வளவு மயக்க வாயு இருக்கிறது என்பதை மானிட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் காட்டுகிறது. நெற்றியில் ஒட்டும் பட்டை மூளை அலைகளை 0 முதல் 100 வரை எண்ணாக்குகிறது. 40 முதல் 60-க்குள் இருந்தால் பொதுவாக ஆபரேஷனுக்குப் போதுமான மயக்கம்!

● முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் பேச்சுக்குரல் கேட்பது இயல்பு. மயக்கம் தெளிந்துவிட்டது என்று பதற வேண்டாம். வலித்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

எந்த மானிட்டராலும் சொல்ல முடியாததை நோயாளியின் வாய் சொல்லிவிடும். முன்பு எப்போதாவது விழிப்பு வந்திருந்தால், மயக்க டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் ‘ஆபரேஷன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு’ என்றால், ‘கனவு கண்டிருப்பே’ என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தன்னை நம்புகிறார்கள் என்பதே அவருக்குப் பாதி மருந்து!