கல்கரியின்றி இரும்பு உருகுமா?

ரப்பர்த் தகடு உருட்டும் இயந்திரத்தின் உருளையும் சாலையோரச் சாக்கடை மூடியும் வார்ப்பிரும்பால் ஆனவை. அவ்விரும்பை உருக்கும் உலைக்குக் கியூபோலா என்று பெயர். அது கோபுரம் போல் உயர்ந்து நிற்கும். மேல்வாய் வழியே கல்கரியையும் இரும்பையும் மாறி மாறிக் கொட்டுவர். கீழே காற்றைச் செலுத்துவர். ஏறக்குறைய 1,200 பாகை செல்சியஸில் இரும்பு உருகி அடியில் தேங்கும்.

நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பதே கல்கரி. அதில் கந்தகம் உண்டு. எரியும்போது அது கந்தக ஈராக்சைடு என்னும் நச்சுவாயுவாகி, ஈரத்துடன் கூடி அமிலமாகிறது. அமிலம் பட்ட சலவைக்கல் உதிர்ந்து போகும்.

இந்தியாவில் ஆக்ரா நகரம் இத்தகைய வார்ப்புத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தாஜ்மகாலும் அங்கேதான் உள்ளது! வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984-இல் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தாஜ்மகாலைச் சூழ்ந்த வட்டாரத்தில் 292 தொழிற்சாலைகள் கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இயலாதவை இடம்பெயரவேண்டும். வார்ப்பாலைகளை மட்டுமே பழிப்பது முறையன்று. வாகனப் புகைக்கும் அக்கேட்டில் பங்குண்டு.

எரிவாயுவுக்கு மாறுவது அடுப்பை மாற்றுவது போல் எளிதன்று. கல்கரி வெப்பம் தருவதோடு, மேலே குவிந்த இரும்பையும் தாங்கி நிற்கிறது. வாயு எதைத் தாங்கும்? இதற்கு அறிஞர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. உலையின் உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கே பதித்து, அவை உருகாதபடி அவற்றினுள் தண்ணீரை ஓடவிட்டனர். அக்குழாய்களின்மேல் தீயைத் தாங்கும் சுட்டமண் உருண்டைகளைப் பரப்பினர். கீழிருந்து எரியும் வாயுச் சுடர் உருண்டைகளைப் பழுக்கக் காய்ச்சும். உருகிய இரும்பு அவற்றினூடே சொட்டுச் சொட்டாக இறங்கி மேலும் சூடேறும். கல்கரி இல்லாததால் இரும்புக்கு வேண்டிய கரிமத்தைத் தனியே சேர்க்கவேண்டும். ஆயினும், கல்கரியிலிருந்து வரும் கந்தகமும் சாம்பலும் இதில் இல்லை.

அத்தீர்ப்பில் நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. ஆலை இடம்பெயர்ந்தால் தொழிலாளரின் வேலை அறுபடலாகாது. மூடியிருக்கும் காலத்துக்கும் முழு ஊதியம் தரவேண்டும். உடன் செல்ல இசைவோர்க்கு ஓராண்டு ஊதியத்தை இடமாற்றத் தொகையாக அளிக்கவேண்டும் என்றும் நீதிபதிகள் அதில் எழுதினர்.