அப்வோட் அதிகம்னா ஆலோசனை சரியா?

ஒரு பங்கை வாங்கலாமான்னு ரெடிட்டில் தேடினா, நூறு பதில் இருக்கும். நாம படிக்கிறது மேலே இருக்கிற நாலஞ்சைத்தான். அந்த வரிசையைப் பெரும்பாலும் முடிவு பண்றது அப்வோட், டவுன்வோட் பட்டன்கள்.

இதுல என்ன சிக்கல்? 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு செய்தித் தளத்தின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு ஆய்வாளர்களே ஒரு பிளஸ் போட்டாங்க. அடுத்து பார்த்தவர் பிளஸ் போடும் வாய்ப்பு 32% கூடிடுச்சு. கடைசி மதிப்பெண்ணும் சராசரியா 25% அதிகம். ஆனா, அதே மாதிரி போட்ட மைனஸை மக்களே சரிக்கட்டிட்டாங்க. அதாவது, பொய்ப் பாராட்டுதான் நிலைச்சு நிக்குது.

2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் பங்கு ஏறினப்போ, வால்ஸ்ட்ரீட்பெட்ஸ் குழுவில் 'விக்காதீங்க, பிடிச்சு வைங்க'ங்கிற பதிவுகள்தான் மேலே நின்னது. ஜனவரி 28-ல் 483 டாலர் வரை போன பங்கு, பிப்ரவரி மூணாவது வாரத்தில் 50 டாலருக்கும் கீழே. உச்சத்தில் வாங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அதனால, பணம் போடுறதுக்கு முன்னாடி:

* பதில்களை 'கான்ட்ரவர்ஷியல்' வரிசையிலும் ஒருமுறை படிங்க. எதிர்க்கருத்து அங்கேதான் கிடைக்கும்.
* எத்தனை வோட்டுன்னு பார்க்காதீங்க. என்ன ஆதாரம்னு பாருங்க.
* சொல்றவருக்கு செபி பதிவு இருக்கான்னு சரிபாருங்க.

யூடியூபிலும் இதே கதைதான். 2021 நவம்பரில் இருந்து டிஸ்லைக் எண்ணிக்கை வெளியே தெரியறதில்லை. நம்ம சேனல் வீடியோவா இருந்தாலும், லைக்கைப் பார்த்து முதலீடு பண்ணாதீங்க!